சேர்க்கை சரியில்லை: நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் கையெழுத்துக்காக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் நகரிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அதன் மைதானத்தில் பாதியை நடைப்பயிற்சிப் பாதைக்கு ஒதுக்கித் தருமாறு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பது என்று அதில் உள்ளது. நடக்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை; சர்க்கரை எனக்கும் இருக்கிறது. ஆனால் 'பிள்ளைகள் குறைந்துவிட்டதால்' என்ற சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இந்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதைப் போல அதை எழுதியிருக்கிறோம். அவர்கள் தாமாகக் குறையவில்லை. குறைத்தவர்கள் நாம்தான், அந்த 'நாம்' என்பதில் நானும் சேர்த்தி.

என் மகளை எல்.கே.ஜி.யிலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்தேன். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி, காட்பாடி மேம்பாலத்திலும் பாலாற்றுப் பாலத்திலும் நின்று நின்று போய், மாலையில் தூங்கிக்கொண்டே இறங்குவாள். வீட்டுக்கு எதிரே நூறு அடி தூரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது என்பது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட எங்கள் பேச்சில் வந்ததில்லை. நான் படித்தது குடியாத்தத்தில் ஓர் அரசுப் பள்ளியில். சங்கத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஆரணியிலோ ஆற்காட்டிலோ பேரணாம்பட்டிலோ அப்படிப் படித்து வந்தவர்கள்தாம் என்பதை ஆண்டு விழா மேடைகளில் நீங்களே பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மகனை மட்டும் இங்கே சேர்த்ததற்குக் கொள்கை காரணமல்ல. 2021-இல் கொரோனாவால் என் சம்பளம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டு நம் நகரிலிருந்து பதினான்கு பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கெங்கோ கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களும் சேர்ந்ததில் மொத்தம் 94 ஆனது. இரண்டு ஆண்டுகளில் நிலைமை சீரானதும் பதின்மூன்று வீடுகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்பின. இந்த ஆண்டுக் கணக்கு 58.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள் உறுப்பினராகப் போகும் வரை எனக்கும் அது தெரியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி தலைகளை எண்ணி, கூடுதலாக இருக்கும் ஆசிரியரைப் 'பணி நிரவல்' என்ற பெயரில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் பிள்ளைகளை அழைத்துப் போனபோது நம் வீட்டுப் பிள்ளை மட்டும் போனதாகத்தான் நினைத்தோம். நமக்குப் பின்னாலேயே இரண்டு ஆசிரியர்களும் போனார்கள். இன்று ஐந்து வகுப்புகளுக்கு இருவர். தலைமையாசிரியை ஏதாவதொரு கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒருவர். அதன் பிறகு 'அங்கே வாத்தியார் பத்தாது, எப்படிச் சேர்ப்பது' என்று கேட்பவர்களும் நாம்தான்.

ஆசிரியர்களைவிடப் பெரிதாக இன்னொன்றும் போனது. 2022-இல் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து போய் இருபத்து மூன்று நாள்கள் அப்படியே கிடந்தது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான். பீடி சுற்றும் ஒரு தாயும் வீட்டு வேலை செய்யும் ஒரு தாயும் மூன்று முறை மனு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போன நாளின் கூலி போனதுதான் மிச்சம். "எழுதிக்கினு போனா வாங்கி வச்சிக்கிறாங்க சார், அப்பறம் வான்னு சொல்லிட்றாங்க" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். நான் என்னோடு படித்த பொறியாளர் ஒருவருக்கு ஒரு போன் போட்டேன். மறுநாள் மாலை புது மோட்டார் ஓடியது. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று மனுக்களும் எந்த மேசையில் கிடந்தனவோ, அதே மேசைக்குத்தான் அந்த ஒரு போனும் போனது.

நம்மைப் போன்றவர்கள் உள்ளே போனாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021-இல் போனவுடன் நாம் என்ன செய்தோம்? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்க அனுமதி உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு, இங்கும் அதைக் கேட்டு வாங்கினோம். பொதுவாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை. ஆனால் நடந்ததோ வேறு. நம் நகர்ப் பிள்ளைகளெல்லாம் புதிதாக டைல்ஸ் ஒட்டிய, இரண்டு மின்விசிறி உள்ள அறைக்குப் போனார்கள். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் சத்துணவுக் கூடத்தை ஒட்டிய பழைய அறையில் தமிழ் வழியில் தொடர்ந்தார்கள். வாசல் ஒன்று, மணி ஒன்று, வகுப்பறை மட்டும் இரண்டு. அந்த மனுவில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. நாம் வெளியேறிய பிறகு அந்தப் பிரிவே கலைந்து, இப்போது எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் எப்போதும் போலச் சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்கு வருகிறேன்: "படிப்பு பரவாயில்லை சார், சேர்க்கை சரியில்லை." தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். கூடாத நட்பையும் சேர்க்கை என்கிறோம், பள்ளியில் பெயர் பதிவதையும் சேர்க்கை என்கிறோம். முதல் பொருளுக்கு அஞ்சி இரண்டாவதைத் தவிர்க்கிறோம். யாருடைய சேர்க்கை, எந்தத் தெருவிலிருந்து வருபவர்களின் சேர்க்கை என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருப்பதில்லை, ஏனென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். அந்தத் தெருவிலிருந்து வருபவர்கள்தாம் நம் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள், நம் பிள்ளைகள் ஏறும் வேனை ஓட்டுகிறார்கள்.

2023-இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, வீட்டில் இட்லி தயாராக இருக்க, என் மகன் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். "வீட்டில் இல்லாததா அங்கே இருக்கிறது" என்று என் மனைவி ஒரு நாள் போய்ப் பார்த்தார். ரவா கிச்சடிதான். இரண்டு பையன்கள் கேரட்டைப் பொறுக்கி இவன் தட்டில் போட, இவன் பச்சை மிளகாயைப் பொறுக்கி அவர்கள் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த இருவரில் ஒருவன், மோட்டாருக்காக மனு எடுத்துக்கொண்டு போன தாய்மார்களில் ஒருவரின் மகன். என் மகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது. அது அவள் குற்றமல்ல.

வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் எல்லோர் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று கோத்தாரி கல்வி ஆணையம் 1966-லேயே சொல்லிவிட்டது. அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அது காகிதத்தோடு நின்றதும் உங்களில் பலருக்குத் தெரியும். நானும் யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கும் என்று 2020-இல் வந்ததும், நம் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. நீட் கணக்குக்கு இடம் கொடுக்கும் பள்ளி, சேர்க்கைக் கணக்குக்கு மட்டும் ஏன் ஆகாமல் போகிறது?

இனி என் கோரிக்கை. என் மகன் வரும் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறுகிறான். ஆதலால் இதில் எனக்கென்று தனி லாபம் எதுவுமில்லை. அவனோடு சேர்த்து ஒன்பது பேர் போகிறார்கள், 49 பேர் மிஞ்சுவார்கள். முதல் வகுப்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் 61 ஆகும், மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வரும். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்காகச் சங்கமே எடுத்த பட்டியலில், வரும் ஜூனுக்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளைகள் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது வீட்டுப் பெற்றோரும், நம் நகரைத் தாண்டி அந்தத் தெருவில் இருக்கும் பெற்றோரும் ஒன்றாக உட்காரும்படி அடுத்த கூட்டத்தைப் பள்ளியிலேயே வைக்க வேண்டும். தலைமையாசிரியையையும் மேலாண்மைக் குழுத் தாய்மார்களையும் அழைக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் அவர்களுக்குக் கூலி போகாது. தனிப் பிரிவு, தனி அறை என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் எழக் கூடாது. நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை, பள்ளி தொடங்குமுன் காலை ஆறு முதல் ஏழு வரை மைதானத்தைத் திறந்து வைக்கத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று குழுத் தலைவி என்னிடம் சொல்லியிருக்கிறார். நம்மிடமிருந்து அவர் கேட்பது குப்பை போடக் கூடாது என்பதை மட்டுமே.

தீர்மான நகலைக் கையெழுத்திடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 'பிள்ளைகள் குறைந்துவிட்டதால்' என்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். அடித்துவிடும் உரிமை உறுப்பினர்கள் அனைவருக்கும் உரியது என்பதால் நான் அடிக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் உறுப்பினர்