ஆரஞ்சு கேக்கில் ஆரஞ்சு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர் பேக்கரி ஒன்றில் 'ஆரஞ்சு கேக்' வாங்கினேன். வெட்டிப் பார்த்தால் எசென்ஸ் வாசனையும், சாயம் ஏற்றிய பப்பாளிக்காய்த் துண்டுகளும்தான். டூட்டி ஃப்ரூட்டி பெரும்பாலும் பப்பாளிக்காயில் செய்வது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்திலேயே தாண்டிக்குடி மலையில் கமலா ஆரஞ்சு விளைகிறது. மனசு கேட்கவில்லை.

மணம் தரும் எண்ணெய் இருப்பது தோலில்தான். என் அம்மா அதை வீணாக்கவே மாட்டார். மெல்லிசாக நறுக்கி, கசப்புப் போக மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைப்பார். அப்புறம் தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, 4 கிராம்பு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துச் சிறுதீயில் வைப்பார். முக்கால் மணி நேரத்தில் தோல் கண்ணாடி மாதிரி மின்னும். கரண்டியைத் தூக்கினால் பாகு கம்பியாக இறங்கும். அன்று தெருவே மணக்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு அதில் ஒரு பிடி போதும்.

ஆரஞ்சு என்று பெயர் எழுதினால் ஆரஞ்சு இருக்க வேண்டும். சீசனில் தோலைப் பாகேற்றி உலர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பேக்கரிக்காரர்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்காவது செய்து பார்க்கட்டும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்