கல்விக்கடன் வட்டி மானியம் வரவு வைக்கப்படாதது குறித்து மூன்றாம் முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கல்விக்கடன் பெற்ற மாணவர்கள், பெற்றோர்கள்,
காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகள், வடசென்னை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம், ராஜாஜி சாலை, சென்னை - 1.

பொருள்: மத்திய அரசின் வட்டி மானியத்தை வங்கிக் கிளைகள் கேட்டுப் பெறாமல் விட்டது, அந்த வட்டியை மாணவர் தலையில் ஏற்றியது - மாவட்ட அளவிலான வங்கியாளர் கூட்டத்தில் எடுத்துக் கணக்கை நேர்செய்து தர வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே பொருளில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு மனுக்கள் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற்றோம். மனுக்கள் வங்கிகளுக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வங்கிகள் பக்கத்திலிருந்து ஒரு வரி பதில் இல்லை. அதனால் இந்த முறை கணக்கோடு எழுதுகிறோம். மனு சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கடன் தள்ளுபடி கேட்கவில்லை. கிளையில் வாயைத் திறந்ததுமே "தள்ளுபடியெல்லாம் கிடையாது, போங்க" என்று அனுப்பிவிடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாங்கிய அசலைக் கட்டுகிறோம். அரசு கட்டுவதாகச் சொன்ன வட்டியை எங்களிடம் கேட்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

1. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பிள்ளை தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் சேர்ந்த சலுகைக்காலத்தின் வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும். 2009-10 கல்வியாண்டிலிருந்து உள்ள திட்டம்; கனரா வங்கி இதன் நோடல் வங்கி, அதாவது மற்ற வங்கிகளின் மானியக் கோரிக்கைகளைப் பெறும் பொறுப்பு வங்கி. எங்கள் கடன்களுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கவில்லை. கடன் கொடுத்த கிளைதான் கணக்கு வாரியாக ஆண்டுதோறும் நோடல் வங்கியின் தளத்தில் ஏற்ற வேண்டும். மாணவர் தர வேண்டியது வட்டாட்சியர் கையொப்பமிட்ட வருமானச் சான்று. அதைத் தந்தாகிவிட்டது. (2018 ஏப்ரலுக்குப் பிறகு கல்லூரிக்கோ படிப்புக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அது பொருந்தாதவர்கள் யாரையும் இந்த மனுவில் சேர்க்கவில்லை.)

2. இப்போது கணக்கு. ஆண்டுக்கு 75,000 ரூபாய் வீதம் நான்காண்டு பொறியியல் படிப்புக்கு 3 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டுத் தொகைக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, கடைசித் தொகைக்கு 2. தனிவட்டியாகவே 1,15,500 ரூபாய் ஆகிறது. மானியம் வந்திருந்தால் சலுகைக்காலம் முடிந்ததும் 3 லட்சத்துக்குத் தவணை போட வேண்டும்: 10 ஆண்டுக்கு மாதம் 4,132 ரூபாய். வராததால் 4,15,500 ரூபாய்க்குப் போடுகிறார்கள்: மாதம் 5,724. வித்தியாசம் ஏறக்குறைய 1,590 ரூபாய். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு கேஸ் சிலிண்டரும் கரன்ட் பில்லும் அதற்குள் அடங்கும். 120 தவணைக்குக் கூட்டினால் 1,90,000 ரூபாயைத் தாண்டுகிறது.

இதுவும் தனிவட்டிக் கணக்குதான். சலுகைக்காலத்தில் தனிவட்டி மட்டுமே போட வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே சொல்கிறது. நாங்கள் வாங்கிப் பார்த்த ஸ்டேட்மென்ட்களில் மாதக் கடைசித் தேதியில் வட்டி ஏறுகிறது. அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி ஏறுகிறது. பற்றுப் பக்கம் தாள் தாளாக நீள்கிறது. வரவுப் பக்கத்தில் ஐந்து ஆண்டுக்கும் ஒரு வரி இல்லை. மானியம் வந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும். தயவுசெய்து இணைப்பில் உள்ள தாள்களில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது தாங்கள் பார்க்க வேண்டும்.

3. எங்கே தவறுகிறது என்று கிளை கிளையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அ) கணக்கு தொடங்கும்போதே கணினியில் மானியத்துக்குத் தகுதியுள்ள கடன் என்று குறிக்காமல் சாதாரணக் கல்விக்கடனாகப் போட்டுவிடுகிறார்கள். கோப்பில் வருமானச் சான்று பத்திரமாக இருக்கும்; பட்டியல் எடுக்கும்போது அந்தப் பெயர் வராது.

ஆ) திருவொற்றியூர் வட்டம் 2018இல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது தாங்கள் அறிந்ததே. அதற்கு முன் கடன் வாங்கியவர்களின் சான்றில் திருவள்ளூர் மாவட்டம் என்றுதான் இருக்கும். "வேற டிஸ்ட்ரிக்ட் சர்டிபிகேட், புதுசா வாங்கிட்டு வாங்க" என்கிறது கிளை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாங்கலாம்தான். ஆனால் புதுச் சான்றில் இன்றைய வருமானம்தானே இருக்கும்? கடன் வாங்கிய ஆண்டின் வருமானத்துக்கு அது எப்படிச் சான்றாகும்?

இ) 2020 ஏப்ரல் 1இல் பொதுத்துறை வங்கிகள் இணைந்தபின் பலருக்குக் கணக்கு எண் மாறியது. பழைய எண்ணில் ஏற்றியது புதிய எண்ணோடு பொருந்தவில்லை.

ஈ) ஏற்றவே இல்லை. இதுதான் அதிகம். கேட்டால் "போர்ட்டல் குளோஸ் ஆயிடுச்சு, அந்த மேனேஜரும் மாத்தலாகிப் போயிட்டாரு". போர்ட்டல் திறந்திருந்த நாளில் ஏற்ற வேண்டியது யார்? மாணவனா? அவன் கையில் அந்தத் தளத்தின் கடவுச்சொல்லா இருக்கிறது? கிளை செய்யாத வேலைக்குப் பிள்ளைகள் பத்தாண்டு தண்டம் கட்ட வேண்டுமா, ஐயா?

4. காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு இடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். 4,132 என்றால் கையைக் கடித்தாவது கட்டிவிடுவார்கள். 5,724 இடிக்கிறது, ஜூன் மாதம் படகு இறங்கி, பட்ட கடனை அடைத்து நிமிர்வதற்குள் 90 நாள் ஓடிவிடுகிறது. பிறகு சிபில் என்னும் கடன் மதிப்பெண் கெட்டுப்போகிறது. வங்கித் தேர்வில் தேறினாலும் வேலையில் சேரும்போது அதைத்தான் பார்க்கிறார்கள்.

5. வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இங்கே இரவு ஒன்பதுக்கும் போன் வருகிறது. தாய் இணைக் கடன்தாரர் என்பதால் அவர் சேமிப்புக் கணக்கில் விழும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் பிடிக்கப்படுகிறது.

6. வங்கிக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை என்று கிளைகளில் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். இருக்கட்டும். மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவுக்குத் தாங்கள்தான் தலைவர். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் அதன் அமைப்பாளர். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பட்டியல் கேளுங்கள்: வடசென்னையின் ஒவ்வொரு கிளையிலும் வருமானச் சான்றோடு உள்ள கல்விக்கடன் கணக்குகள் எத்தனை, அவற்றில் எந்தெந்த ஆண்டுக்கு மானியம் கோரப்பட்டது, எவ்வளவு வந்தது. பட்டியலில் மூன்று நெடுவரிசைகள் போதும். கேட்டாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

விடுபட்ட ஆண்டுகளைச் சேர்க்கத் தளத்தைத் திறக்கும்படி வங்கித் தலைமையகம் வழியாக எழுதச் சொல்லுங்கள். அதுவரை தகராறில் உள்ள வட்டியைத் தனியே நிறுத்திவைத்து அசலுக்கு மட்டும் தவணை வாங்கச் சொல்லுங்கள். நாங்கள் கட்டத் தயார். திருவொற்றியூர் வட்டத்தின் பழைய சான்றுகளுக்கு உண்மைத்தன்மைக் கடிதம் தர வட்டாட்சியருக்கு உத்தரவிடுங்கள். இது முழுக்கத் தங்கள் கையில் இருக்கிறது.

ஒரு முகாமும் வேண்டும். கல்விக்கடன் முகாம் என்று ஷாமியானா போட்டு, அட்டையில் பெரிய காசோலை கொடுத்துப் படம் எடுக்கிறார்களே, அப்படியல்ல. வங்கியின் கணினி இணைப்போடு, கணக்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த அலுவலரோடு, தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் வந்தால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போகும்.

மீண்டும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவையும் "உரிய நடவடிக்கைக்காக" அதே கிளைகளுக்கே அனுப்பிவிட வேண்டாம். அங்கே இரண்டு மனுக்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. வட்டி இந்த மாதக் கடைசியிலும் ஏறும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட பகுதிகளின் மாணவர்கள், பெற்றோர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல், கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் நகல், வருமானச் சான்று நகல்.