பீட்டர் கிரேவனுக்காக எடின்பரோ வரை வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பழைய வீரர் பீட்டர் கிரேவனின் நினைவாக ஸ்காட்லாந்தின் எடின்பரோ போய்வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. திங்கட்கிழமை வேலை, செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், அப்படியே தள்ளிப்போயிற்று. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர், "போனதெல்லாம் சரி, அந்த மனுஷன் யார் என்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை" என்று கேட்டுவிட்டீர்கள். யாருக்கு என்றே தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் நன்றியோடு கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரால் வந்தது. நான் மான்செஸ்டருக்கு வந்த புதிதில், திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் தெருவரைக்கும் வரும். பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். கர்க்மன்ஷூம் லேன் ஸ்டேடியம், பெல் வியூ ஏசஸ் என்கிற மான்செஸ்டர் ஸ்பீட்வே அணி. உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது சத்தமில்லை, வாசனை. கருகின விளக்கெண்ணெய். அந்த இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த மசகைப் போடுகிறவர்கள் உண்டு. பாட்டி உச்சந்தலையில் வைத்துத் தேய்த்த அதே எண்ணெய் வாசனை இங்கிலாந்தில் ஒரு மைதானத்தில் வந்து மூக்கில் ஏறும் என்று யார் கண்டது?

ஸ்பீட்வே என்றால் இதுதான். நாலு பேர், நாலு சுற்று, நொறுங்கிய கல்பொடி பரப்பிய நீள்வட்டப் பாதை. 500 சிசி வண்டி. எரிபொருள் மெத்தனால். ஒரே கியர். பிரேக் கிடையாது. எழுத்துப்பிழை இல்லை, பிரேக்கே கிடையாது. எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள், அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே வளைவில் சறுக்குவார்கள். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பியதும் கிளம்பினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய எல்லாம் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. நம் ஆட்களிடம் இதைச் சொன்னால், "பிரேக் இல்லாமல் எப்படி நிற்பான்?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன்.

பெரியவர் ஏழு வயதிலிருந்து இதைப் பார்க்கிறார். அப்போது பெல் வியூவின் மைதானம் ஹைட் ரோட்டில் இருந்தது. 1987ல் அதை மூடி, கார் ஏலம் விடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவர் பார்த்த வீரர்தான் பீட்டர் கிரேவன்.

கிரேவன் லிவர்பூல்காரர், 1934ல் பிறந்தவர். சின்ன உடம்பு. 1955ல், இருபத்தொரு வயதில், வெம்ப்ளியில் உலகச் சாம்பியன் ஆனார். 1962ல் அதே வெம்ப்ளியில் மறுபடியும். இங்கிலாந்துக்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தை இரண்டு தடவை வாங்கியது அதுதான் முதல் முறை. அவருக்குப் பிறகு இன்னொரு இங்கிலாந்துக்காரர் உலகப் பட்டம் வாங்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் பெல் வியூ ஆள்தான், பீட்டர் காலின்ஸ். கிரேவனைச் 'சமநிலையின் மந்திரவாதி' என்றுதான் அந்தக் காலத்து ரசிகர்கள் சொல்வார்கள். வண்டிமேல் ஒரு இடத்தில் உட்கார மாட்டாராம். முன்னே சாய்வார், பின்னே போவார், பக்கத்தில் தொங்குவார், வண்டி மட்டும் கோடு தப்பாது. "கழைக்கூத்தாடி" என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கயிற்றில் நடக்கிற ஆள் என்று விளக்கியதும் பெரியவர் அந்தச் சொல்லைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.

1963 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. எடின்பரோவின் ஓல்ட் மெடோபேங்க் மைதானத்தில் எடின்பரோ மோனார்க்ஸ் அணியுடன் ஒரு பந்தயம். முன்னால் போன ஜார்ஜ் ஹன்டர் விழுந்துவிட, அவர்மேல் ஏற்றிவிடாமல் ஒதுங்கப் போய் கிரேவன் வேலியில் மோதினார். நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, போய்விட்டார். வயது இருபத்தொன்பது. இன்று வளைவுகளில் காற்றடைத்த மெத்தை வேலி வைக்கிறார்கள். அன்று அப்படி ஏதும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியவருக்கு வயது பதின்மூன்று. அப்பா வேலையிலிருந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாராம். சாப்பிடவில்லையாம். இதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் தொப்பி வரும், அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

2023 செப்டம்பர் 24ஆம் தேதி அறுபது வருஷம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. "அந்த இடத்தை ஒருதடவை பார்க்க வேண்டும்" என்று ஜூலையில் ஆரம்பித்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர், ரயிலில் மாறி மாறி ஏற முடியாது. என்னிடம் இருப்பதோ சின்னக் கார். அவருடைய பழைய சிநேகிதர்கள் மூன்று பேர் வேறு வருவதாகச் சொல்லிவிட்டார்கள், எல்லாம் எழுபதைத் தாண்டியவர்கள். அப்போதுதான் உங்களிடம் வந்தேன்.

வேன் கொடுத்த அண்ணனுக்கு முதல் நன்றி. கொடுத்ததோடு நிற்காமல் நீங்களே ஓட்டியும் வந்தீர்கள். ஏறத்தாழ 350 கிலோமீட்டர் போக, அவ்வளவே திரும்ப. நாலு பெரியவர்களை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டது உங்கள் அனுபவம். நான் போட்டிருந்த நேரக் கணக்கு வழியில் உள்ள அபிங்டன் வருவதற்குள்ளேயே தவிடுபொடி. டீசலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றதைப் பற்றி நாம் தனியாகப் பேசுவோம்.

அக்காவுக்கு என்ன சொல்வது! மலர்வளையம் சொல்லியிருந்த கடையில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, "ஆர்டர் விட்டுப்போச்சு" என்று கையை விரித்துவிட்டார்கள். நான் அழாத குறையாக உங்களைக் கூப்பிட்டேன். "கார்னேஷன் எங்கே கிடைக்குமோ அங்கே போய் வாங்கிட்டு வா, சிவப்பு மட்டும்" என்றீர்கள். சூப்பர்மார்க்கெட் சூப்பர்மார்க்கெட்டாக ஓடிப் பதினேழு கட்டு வாங்கினேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து, நடுநடுவே கறுப்பு ரிப்பன் வைத்து, நம்மூர் ஆள் உயர மாலையாகவே கட்டிவிட்டீர்கள். சிவப்பும் கறுப்பும் பெல் வியூவின் நிறம். அது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்த மாலையைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நம்ப மாட்டார்கள்.

கிரேவனின் படத்தைப் பெரிதாக்கித் தந்த தம்பிக்கும் நன்றி. பெரியவரின் அப்பா வைத்திருந்த படம் அது, உள்ளங்கை அளவு, நடுவில் மடித்த கோடு வேறு. கோட்டை அழித்துவிடட்டுமா என்று நீ கேட்டாய். பெரியவர் வேண்டாம் என்றார். அது அப்பாவின் சட்டைப்பையில் இருந்த மடிப்பு.

போன இடத்தில் பழைய மைதானம் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் போனோம். 1970 காமன்வெல்த் போட்டிக்காக அதை எடுத்துவிட்டுப் புதிய ஸ்டேடியம் கட்டினார்கள். பிறகு அதையும் இடித்துவிட்டு, 2022ல்தான் இப்போதைய விளையாட்டு மையத்தைத் திறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே ஆர்தர்ஸ் சீட் மலை. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இதற்குமுன் எடின்பரோவுக்கு வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் ஓரமாக நின்றுகொள்ளலாமா என்று கேட்டதும், எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்ட அந்தப் பணியாளருக்கும், பிளாஸ்கில் டீயோடு வந்து காத்திருந்த எடின்பரோ ரசிகர்கள் நாலு பேருக்கும் இங்கிலீஷில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து மாலையைப் போட்டோமே, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேனை நிறுத்தப் போனவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படத்துக்கு மாலை போடுவது அவர்களுக்குப் புதுசு. எல்லாரும் அமைதியாகத்தான் நின்றார்கள். பெரியவர் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து, மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். முகம் தெரிவதற்காக என்று நினைத்து நான் உதவப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். "முகத்தை மறைத்தால் மறைத்துவிட்டுப் போகிறது. முன்சக்கரத்தை மறைக்காதே" என்றார். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். வண்டி இடப்பக்கம் வளைகிறது, முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. பின்சக்கரம் சறுக்கிக்கொண்டு வர, முன்சக்கரம் அதைத் தாங்குகிறது. இத்தனை வருஷம் ஸ்பீட்வே பார்க்கிறேன். அந்தப் படமும் என் போனில் இரண்டு மாதமாக இருக்கிறது. ஆனாலும் அதில் சக்கரத்தை நான் பார்த்ததில்லை. எடின்பரோக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெரியவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், யாரும் உரை ஆற்றவில்லை.

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்த மூன்று வீட்டாருக்கும் ஒரு செய்தி: காரம் குறைத்ததாகச் சொன்னீர்கள். குறையவில்லை. ஆனால் மிச்சமும் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாரும் போட்ட பணத்தில் பூ, படம், டீ செலவு போக 164 பவுண்டு மீந்தது. காயம்பட்ட ஸ்பீட்வே வீரர்களுக்கு என்று ஒரு நலநிதி இருக்கிறது. பெரியவர் சொன்னபடி அதற்கு அனுப்பிவிட்டேன். ரசீது வந்ததும் குழுவில் போடுகிறேன். படம் இப்போது பெரியவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மாலை வாடிவிட்டது, ரிப்பனை மட்டும் அவிழ்த்துச் சுற்றி வைத்திருக்கிறார்.

மார்ச்சில் அடுத்த சீசன் தொடங்கும்போது, வேன் அண்ணனின் பையன்கள் இருவரையும் தன் செலவில் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். காதுக்குப் பஞ்சு கொண்டுவரட்டும், மூன்றாவது வளைவுக்கு எதிரே நிற்க வேண்டும், வெள்ளைச் சட்டை கூடாது. கல்பொடி கறை போகாது.

பின்குறிப்பு: வேனில் ஒரு நீலக் குடையும் இரண்டடுக்குத் தூக்கு ஒன்றும் கிடந்தன. யாருடையது என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.