கொப்புளத்தின் பின்பக்கம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சேற்றில் ஓட்டும் உன் வண்டியின் எஞ்சினில் குறையில்லை, கியர் பெட்டியும் சத்தமில்லாமல் இருக்கிறது, பாடிதான் கவலை தருகிறது என்று எழுதியிருக்கிறாய். பின் மட்கார்டு விளிம்பில் விரல்நகம் அளவுக்கு இரண்டு கொப்புளம், பின்கதவின் அடியில் பழுப்பு வடிந்த கோடு. சுரண்டி, துருமாற்றித் திரவம் பூசி, பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி வைத்து, மேலே வண்டியின் அடிப்புறத்துக்கான கறுப்பு அண்டர்கோட்டிங் பூச்சு அடித்தால் போதுமா என்று கேட்கிறாய். அப்படிச் செய்தால் வண்டி அழகாகிவிடும். ஆனால் சில மாதத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம் இன்னும் பெரிதாக வந்து நிற்கும்.

ஏனென்றால் நீ பார்ப்பது துருவின் முடிவு. அது தொடங்கியது பின்பக்கத்தில். கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடத்தில் வரும் துருதான் வெளியிலிருந்து உள்ளே போகும். அதன் நடுவில் பெயின்ட் இருக்காது, சுற்றிலும் செம்மை படர்ந்திருக்கும். பெயின்ட் உடையாமல் உப்பி எழுந்தால் பெரும்பாலும் உள்ளிருந்து வந்தது என்று வைத்துக்கொள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதுதான் பெயின்டைத் தள்ளித் தூக்குகிறது. வெளியே நகம் அளவு தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடு போயிருந்தாலும் ஆச்சரியப்படாதே.

ஆகவே கிரைண்டரை எடுக்கும் முன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடு. மட்கார்டு விளிம்பின் உட்புறம் மடிந்து ஒரு சிறு வாய்க்கால்போல இருக்கும். சேற்றில் ஓடும் வண்டிக்கு அதுதான் முதல் பகை. மேலே காய்ந்து வெளுத்தாலும் மடிப்புக்குள் இருக்கும் சேறு நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மட்கார்டின் மேல் அகலமான பிளாஸ்டிக் ஃப்ளேர் மாட்டியிருக்கிறாயே, அதைக் கழற்றிப் பார். அதைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் பெயின்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். ஓட்டையின் ஓரத்தில் வெறும் இரும்பு, ஃப்ளேருக்குப் பின்னால் மணல் மூட்டை. கேரியர், எஞ்சினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்க்கெல் குழாய், கூடுதல் விளக்கு என்று பிற்பாடு மாட்டிய எதுவாக இருந்தாலும் இதே கதைதான். கம்பெனியில் போட்ட ஓட்டைக்கு உள்ளேயும் பெயின்ட் போயிருக்கும், நாம் டிரில் போட்ட ஓட்டைக்கு யார் பூசினார்கள்?

கதவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கண்ணாடியை இறக்கி, அந்தப் பிளவு வழியாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்று. உடனே அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் வடிகால் ஓட்டைகள் சேற்றால் அடைபட்டிருக்கின்றன, கதவின் அடிப்பகுதி தொட்டியாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திற. கம்பியால் குத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் பெயின்டும் போய்விடும்.

தரையில் ரப்பர் விரிப்பைத் தூக்கு. அடியில் ஸ்பாஞ்சோ கம்பளமோ இருந்தால் தொட்டுப் பார். ஆற்றைக் கடக்கும்போது உள்ளே வந்த தண்ணீர் விரிப்புக்குக் கீழே ஆவியாக வழியில்லாமல் கிடக்கும். முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளையும், பாடி சேசிஸ் மேல் உட்காரும் ரப்பர் மவுன்ட்களின் சுற்றுப்புறத்தையும் விட்டுவிடாதே.

பிறகு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீர் என்று பேசும், உளுத்த தகடு சொத்தென்று விழும். சந்தேகம் வந்தால் முனையால் அழுத்து. உள்ளே போனால் வருத்தப்படாதே, அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். துணி சுற்றிய காந்தத்தையும் நகர்த்திப் பார். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் முன்பு யாரோ பட்டியைக் கனமாக அப்பியிருக்கிறார்கள். லேண்ட் ரோவர்போல அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளில் காந்தம் எதுவும் சொல்லாது. 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோதே, இரும்புத் தட்டுப்பாட்டால் பாடிக்கு அலுமினியக் கலவை. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அது உள்ளே இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், இரண்டு உலோகமும் ஒரு சிறு பேட்டரிபோல வேலை செய்யும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், கதவின் ஓரம் உப்பும். அது வேறு நோய், வேறு வைத்தியம். உன் வண்டி முழு இரும்பு என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி துருமாற்றி. அதன்மேல் உனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது போலிருக்கிறது. டானிக் அமிலம் உள்ளது துருவைக் கறுப்பான டானேட் ஆக்கும், பாஸ்பாரிக் அமிலம் உள்ளது பாஸ்பேட் ஆக்கும். இரண்டும் தாம் தொட்ட துருவைத்தான் மாற்றும். அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டிய துருவின் மேல் பூசினால் மேலடுக்கு மட்டும் கறுத்துப்போகும், அடியில் இருப்பது தன் வேலையைத் தொடரும். எனவே முதலில் இயந்திர வேலை. வயர் பிரஷ் வேகமாகத் தோன்றும், ஆனால் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் மேலே மெருகேற்றிப் பளபளப்பாக்கி ஏமாற்றும். கனத்த கிரைண்டிங் வீலும் வேண்டாம். பாடித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மி.மீ. வரைதான், அது கண்ணிமைக்கும் நேரத்தில் பாதியாகிவிடும். நைலான் இழையால் ஆன ஸ்ட்ரிப் டிஸ்க் போடு, பிறகு 80 எண் எமரித் தாள். கொப்புளத்தைச் சுற்றி உறுதியான பெயின்ட் வரும்வரை, அதற்கு மேலும் இரண்டு விரற்கடை திற.

தேய்த்துப் பளபளக்கும் தகட்டில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அவைதான் குழிகள். அங்கே பாஸ்பாரிக் அமிலத்துக்கு வேலை உண்டு. தடவி 15 முதல் 30 நிமிடம் ஈரமாகவே வைத்திரு, காய விடாதே, நடுவில் நார் பிரஷ்ஷால் தேய். பிறகு நன்றாகக் கழுவி உடனே சூடான காற்றால் உலர்த்து. சோம்பல்பட்டு அமிலத்தைக் கழுவாமல் விட்டால், மேலே அடிக்கும் எபாக்ஸி பிரைமர், அதாவது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு, சரியாக இறுகாது. எபாக்ஸியை இறுக வைக்கும் ஹார்டனர் காரத்தன்மை உள்ளது, அமில மிச்சம் அதைத் தின்றுவிடும். இதே காரணத்தால்தான் அமிலம் கலந்த எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸி அடிக்கக் கூடாது என்பார்கள். கழுவி உலர்த்தியபின் 180 எமரியால் ஒருமுறை தேய்த்து, கரைப்பானால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடு. ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் மறுநாள் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். ஈரக் காற்றில் அடிக்காதே. தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போன இடத்துக்கு இதெல்லாம் பயன்படாது. அங்கே வெட்டத்தான் வேண்டும். ஃபைபர் துணி ஒட்டுவது, ஓட்டைக்குப் பின்னால் வலையை வைத்துப் பட்டி அடைப்பது எல்லாம் விற்பதற்கு முந்தின நாள் செய்யும் வேலை. பளபளக்கும் நல்ல தகடு வந்தபிறகு இன்னும் 20 மி.மீ. தள்ளி வெட்டு. மூலைகளை வளைவாக வை, கூர்மூலையில் விரிசல் ஓடும். அட்டையில் மாதிரி எடுத்து, 0.9 மி.மீ. தகட்டில் ஒட்டுத்துண்டு வெட்டி, இரண்டு விளிம்புக்கும் நடுவே 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல் பொருத்து. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைப்பது எளிதுதான், ஆனால் அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவே அடுத்த துருவுக்கு நீயே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

கம்பியே உருகி நிரப்பும் மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போடு. முதலில் 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி, பிறகு எதிரெதிர் மூலைகளில் தாவித் தாவி ஒவ்வொரு புள்ளியாக நிரப்பு. கோடு இழுக்காதே. சூடேறிய தகடு விரிய இடமில்லாமல் அமுங்கி, ஆறும்போது சுருங்கும். அப்படித்தான் நேராக இருந்த மட்கார்டு அப்பளம்போல நெளிகிறது. கையை வைக்க முடிகிற சூட்டுக்கு வந்தபின் அடுத்த புள்ளி. ராவி முடித்ததும் இருட்டில் பின்னால் டார்ச் அடித்துப் பார். ஒளி கசியும் ஒவ்வொரு ஊசித்துளையையும் அடை. இதை விட்டுவிடுவதால்தான் நல்ல வேலையும் ஓராண்டில் கெடுகிறது. துளை வழியாகப் பின்புறத்து ஈரம் பட்டிக்குள் ஏறும், பட்டி பஞ்சுபோல அதைக் குடித்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. உட்புறத்து விரிப்பு, ஸ்பாஞ்சு, பெட்ரோல் குழாய் எது அருகில் இருக்கிறது என்று பார். பெட்டிபோல மூடிய பகுதிக்குள் முன்பு துருவுக்காக அடித்த மெழுகு இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே எரியும். வேலை முடிந்தும் அரைமணி நேரம் அங்கேயே இரு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் செய்யவே செய்யாதே, பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு கிளம்பும். துத்தநாகப் பூச்சுத் தகடானால் பூச்சை ராவி எடுத்துவிட்டுச் செய், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, சில் என்போமே, அது உளுத்திருந்தால் வெட்டும்முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வெல்டிங்கால் தற்காலிகமாக ஒட்டிவை. இல்லாவிட்டால் பாடி சில மில்லிமீட்டர் தொங்கும், பிறகு கதவு எந்த நாளும் ஒழுங்காகச் சாத்தாது. சேசிஸ், சீட்பெல்ட் பிடிக்கும் இடம், வண்டி உருண்டால் காக்கும் ரோல்கேஜ் கூண்டு கால் ஊன்றும் இடம் இவற்றில் துளை என்றால் நீயாகத் தொடாதே. அது உயிரைத் தாங்கும் இடம். கைதேர்ந்த வெல்டரிடம் விடு.

பட்டிக்கு வருகிறேன். வெறும் தகட்டில் வேண்டாம். எபாக்ஸி இறுகியபின் 180-ஆல் தேய்த்து அதன்மேல் வை. 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம், அதுதான் வழக்கமான அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் பிறகு பெயின்டில் கறை மேலே வரும், குறைத்தால் உள்ளே பிசுபிசுப்பாகவே கிடக்கும். 3 மி.மீ. கனத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகட்டைத் தட்டி நேராக்கும் வேலை முடியவில்லை என்று பொருள். இன்னொன்று, நீ தண்ணீர் எமரி போட்டுத் தேய்ப்பேன் என்று எழுதியிருந்தாய். பட்டி திறந்து கிடக்கும்போது தண்ணீரே கூடாது. உலர்ந்த எமரிதான். மேலே பிரைமர் மூடியபின் வேண்டுமானால் தண்ணீர் போடு. இரண்டு பாகம் கலக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கும். துணி முகமூடி அதற்குத் தடையே இல்லை, வெளிக்காற்றுக் குழாய் உள்ள முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் ஸ்ப்ரே வேலையை மட்டும் பெயின்டரிடம் கொடுத்துவிடு.

இரண்டு தகடு சேரும் தையலை அடைக்கச் சீலர் பசை, எபாக்ஸிக்குப் பிறகு, மேல்பெயின்டுக்கு முன். அடியில் வடிகாலாக விட்ட இடைவெளியை மட்டும் அடைத்துவிடாதே. நல்லெண்ணத்தில் அதையும் பூசி மூடுகிறவர்கள்தான் அதிகம். சிலிகான் வேண்டாம், பெயின்ட் அதில் ஒட்டாது. கறுப்பு அண்டர்கோட்டிங்கை மட்கார்டின் உட்புறத்தில், சுத்தமாகப் பிரைமரும் பெயின்டும் கண்ட தகட்டின் மேல் அடித்தால் கல்லடியைத் தாங்கும். துருவின் மேல் அடித்தால் அது வெறும் போர்வை. காய்ந்து விரிசல் விட்டதும் அதன் பின்னால் தண்ணீர் நுழையும், நீயும் பார்க்க முடியாது.

எல்லாம் இறுகியபின் கடைசியாகக் குழிமெழுகு, மூடிய இடங்களுக்குள் தெளிக்கும் துருத்தடுப்பு மெழுகு. வெல்டிங் சூட்டில் பின்பக்கத்துப் பெயின்ட் கருகியிருக்கும், அங்கே பிரஷ் போகாது. சுற்றிலும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயை வடிகால் ஓட்டை வழியாகவே செருகி, மெல்ல வெளியே இழுத்துக்கொண்டு அடி. வெயில் நாளில் செய்தால் மெழுகு தையலுக்குள் நன்றாக ஊறும். மறுநாள் வடிகால்களைத் திரும்பக் குத்தித் திற, மெழுகே அடைத்திருக்கும். ஃப்ளேரை மாட்டும்போது ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்துக்கும் எபாக்ஸி தொட்டு வைத்து, ஸ்க்ரூவையும் மெழுகில் தோய்த்து ஏற்று.

சேற்றிலிருந்து வந்ததும் உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவுவதாக எழுதியிருந்தாய். அது வெளியழகுக்குச் சரி. மட்கார்டு மடிப்புக்கு அழுத்தம் உதவாது, சேற்றை இன்னும் உள்ளே திணிக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிறைய விட்டு, மடிப்பில் விரலை ஓட்டிக்கொண்டே கழுவு. கடற்கரை மணலில் ஓட்டினால் அன்றைக்கே.

முதலில் ஃப்ளேரைக் கழற்றி, கொப்புளம் இருக்கும் இடத்தை உள்ளிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பின்கதவில் தண்ணீர் ஊற்றிய சோதனை என்ன சொன்னது என்பதையும் எழுது. வெட்டுவதா, தேய்ப்பதோடு நிறுத்துவதா என்பதை அதைப் பார்த்தபின் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்