வலப்பக்கம் ஓட்டிப் பழகிவிட்டு ஸ்காட்லாந்து மலைகளைப் பார்க்க வரும் நம்மவர்களுக்கு

அன்புள்ள அண்ணன், அண்ணி, தம்பி, தங்கைகளுக்கு,

அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், துபாய் என்று எங்கெங்கோ இருந்து கோடை விடுமுறைக்கு ஸ்காட்லாந்து வந்து, விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, நேராக ஹைலண்ட்ஸ் மலைகளுக்கு ஏறி வரப் போகிற உங்களுக்குத்தான் இந்த மடல். நான் இங்கே மேற்குக் கரையில், லாக்கரன் பக்கம் இருக்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பத்து மைல், பதினைந்து மைல் இருக்கும். அதனால் என் நாளில் பாதி காரில்தான் போகிறது, நீங்கள் படம் எடுக்க வருகிற அதே ரோடுகளில்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், வருகிற எல்லோரும் இதையேதான் பேசுகிறார்கள்: "நம்ம ஊர்லயும் இடது பக்கம்தானே, அது தானா வந்துரும்." வராது. ஊரில் நீங்கள் ஓட்டியது பெரும்பாலும் பைக்கோ ஸ்கூட்டியோதான். காரைத் தொட்டதே பலர் டெக்சாஸிலோ டொராண்டோவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோதான். ஊரில் கார் ஓட்டியவர்களுக்கும் அதற்கு மேல் பத்து, பன்னிரண்டு வருடம் வலப்பக்கப் பழக்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. யோசித்து ஓட்டுகிற வரைக்கும் இடது பக்கம் சரியாகத்தான் போவீர்கள். யோசிக்காமல் ஓட்டுகிற அரை நிமிடம் ஒன்று வரும், அப்போது கை தன் பழக்கத்துக்குத்தான் திரும்பும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் அத்தை மகன் டாலஸில் இருக்கிறார். போன கோடையில் குடும்பத்தோடு வந்தார். அத்தான் நிதானமான ஆள், இருபது வருடமாக ஒரு கீறல் கூட இல்லாமல் ஓட்டுகிறவர். எடின்பரோவில் இருந்து இங்கே வருவதற்குள் ரவுண்டானாவெல்லாம் பழகி, அடுத்த நாள் ஸ்கை தீவுக்கும் போய்வந்து, மூன்று நாளில் நன்றாகவே ஓட்டினார். நான்காம் நாள் காலை எல்லோரும் க்ளென்கோ பார்க்கக் கிளம்பினோம். ஐலீன் டோனன் கோட்டையைத் தாண்டி, க்ளென் ஷீல் பள்ளத்தாக்கு வழியாக ஏ87 ரோட்டில் கிழக்கே போனால் க்ளூனி ஏரி வலப்பக்கம் வரும். அன்றைக்குக் காற்றே இல்லை, மலை முழுசாகத் தண்ணீரில் தலைகீழாக நின்றது. அத்தை "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்றார். ஏரியை ஒட்டி வலப்பக்கம் ஒரு லே-பை, அதாவது வண்டியை ஒதுக்கி நிறுத்துகிற இடம். அத்தான் இன்டிகேட்டர் போட்டு, எதிரே ஒன்றும் வரவில்லை என்று பார்த்து, ரோட்டைக் கடந்து அங்கே நிறுத்தினார். இதுவரை தவறு ஒன்றும் இல்லை. இறங்கினோம், படம் எடுத்தோம், டப்பாவில் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம், பிள்ளைகள் தண்ணீரில் கல் எறிந்தார்கள். திரும்ப ஏறி, பெல்ட் போட்டுக் கிளம்பினோம்.

அப்போது ரோட்டில் ஒரு வண்டி கூட இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அந்த லே-பையில் இருந்து வெளியே வந்தால் சக்கரத்துக்கு முன்னால் முதலில் கிடைப்பது வலப்பக்கத் தடம்தான். டாலஸில் அதுதான் சரியான தடம். அத்தான் கை அதிலேயே திரும்பிவிட்டது. பார்க்கத் தப்பாகவே தெரியவில்லை, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பின் சீட்டில் அத்தைக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், தினமும் இந்த ஊர் ரோடுகளில் ஓட்டுகிற நானும் பார்க்கவில்லை. ஒரு மைல் போயிருப்போம். வளைவில் இருந்து மரக்கட்டை ஏற்றிய லாரி, எங்களுக்கு நேர் எதிரே, விளக்கை அடித்து அடித்து வருகிறது. அத்தான் இடது பக்கம் வெட்டினார், லாரிக்காரர் பிரேக்கை ஏறி மிதித்தார், அவ்வளவுதான், அது எங்கள் வலப்பக்கமாக உரசிக்கொண்டு போவதுபோல் போனது. அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்திய பிறகும் அத்தானின் விரல்கள் ஸ்டீயரிங்கை விடவில்லை. அத்தைதான் முன்னால் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அன்றைக்கு க்ளென்கோ போகவில்லை. மீதி வழியை நான் ஓட்டி எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். எடின்பரோ நெரிசலில் நீங்கள் பக்கம் மாறிப் போவது கடினம், ஏனென்றால் முன்னால் போகிற வண்டியே உங்களுக்கு வழி காட்டிவிடுகிறது. பயப்பட வேண்டியது நெரிசலுக்கு அல்ல, வெறும் ரோட்டுக்கு. காலையில் தங்கிய வீட்டின் கேட்டில் இருந்து வெளியே வரும்போது, பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது, படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ஒற்றைத் தட ரோடு முடிந்து இரண்டு தட ரோட்டில் ஏறும்போது, இப்படித்தான் நடக்கிறது. முதல் நாளை விட, பயம் தெளிந்த மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். சில ஒதுங்குமிடங்களில் வெளியே வரும் வாயிலில் "இடது பக்கம் ஓட்டவும்" என்று ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று பல மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். தமிழில் இல்லை. எல்லா இடத்திலும் பலகையும் இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள். வலப்பக்கம் இருக்கிற லே-பையில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அத்தை எவ்வளவு கேட்டாலும் சரி. இன்னும் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் ஒன்று வரும், அங்கே நிறுத்தி, இறங்கி, இரு பக்கமும் பார்த்து நடந்து கடந்து படம் எடுங்கள். இடப்பக்கம் நிறுத்தினால், கிளம்பும்போது கை தானாகவே சரியான தடத்தில்தான் ஏறும்.

அப்புறம் இன்னொன்று, இதை நான் ஊரில் இருந்து வருகிற எல்லோரிடமும் சாவியைக் கையில் வாங்கும்போதே சொல்கிறேன். ஓட்டுகிறவர் எப்போதும் ரோட்டின் நடுப்பக்கம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்போதும் ஓரத்துப் புல் பக்கம். டாலஸிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நடுக்கோடு ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். புல் ஓடினால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். பக்கத்துச் சீட்டில் இருக்கிறவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வண்டி நின்று மறுபடி கிளம்புகிற ஒவ்வொரு முறையும் "இடது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது, மேப் கூட அப்புறம்தான். அத்தான் வீட்டுச் சின்னவளுக்கு எட்டு வயது, அன்றிலிருந்து ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் பின் சீட்டில் இருந்து அவள்தான் இதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடல் தாண்டி இரவெல்லாம் பறந்து காலையில் வந்து இறங்குகிறவர்கள் அன்றைக்கே கார் எடுக்காதீர்கள். ஹோட்டலில் ஒரு ராத்திரி செலவு ஆகும், ஆகட்டும். தூக்கம் இல்லாத தலையோடு எடின்பரோவில் இருந்து ஏ9 ரோட்டில் வடக்கே வருவது நல்லதல்ல. பெர்த்தில் இருந்து இன்வர்னெஸ் வரை அந்த ரோடு சில மைல் இரட்டைப் பாதையாக, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக இருக்கும், திடீரென்று போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே ரோட்டில் ஓடுகிற ஒற்றைப் பாதையாகிவிடும், மறுபடி இரட்டை, மறுபடி ஒற்றை. இன்னும் இரட்டைப் பாதையில்தான் போகிறோம் என்று நினைத்து வலப்பக்கத் தடத்தில் முந்தப் போனால் எதிரே வண்டி வரும். இரட்டைப் பாதை முடிகிறது என்ற பலகையை இருவருமாகப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பே அதையே கேட்டுப் பதிவு செய்யுங்கள், இங்கே கியர் கார்தான் கொடுத்துவிடுவார்கள், இடது கையில் கியர் போடுவதையும் சேர்த்துப் பழகுவது முதல் நாளில் வேண்டாத பாரம். பெடல்கள் மட்டும் அதே வரிசைதான், ஆக்சிலரேட்டர் வலது கால்.

ரவுண்டானாவுக்கு ஊர்க்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிரகாரம் சுற்றுகிற மாதிரி. சன்னதி எப்படி உங்கள் வலக்கைப் பக்கமே இருக்குமோ அப்படி நடுத்திட்டு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே நுழையும் முன் வலப்பக்கம் பாருங்கள், அங்கிருந்து வருகிறவருக்கு முதல் வழி. என் அண்ணி ஒருவர் இதைக் கேட்ட பிறகு ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

இனி ஒற்றைத் தட ரோடு. இதை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கார் போகிற அகலம்தான், ஆனால் இரண்டு திசையிலும் வண்டி வரும். அங்கங்கே ஓரத்தில் கொஞ்சம் அகலமாக்கி "பாஸிங் பிளேஸ்" என்று வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த அகலம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகவே கூடாது, அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அந்த அகலத்துக்குள் போய்க் கடந்துகொள்வார். எதிரே வருகிறவரும் உள்ளூர்க்காரராக இருந்தால் இதைத்தான் எதிர்பார்த்து வருவார், நீங்களும் வலப்பக்கம் பாய்ந்தால் இருவரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வீர்கள். மேட்டில் ஏறி வருகிற வண்டிக்கு முடிந்தவரை வழிவிடுங்கள். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி முன்னே விடுங்கள், அது நானாகக் கூட இருக்கலாம்.

பாஸிங் பிளேஸில் வண்டியைப் பூட்டிவிட்டு இறங்கிப் போகாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். போன செப்டம்பரில் ஒரு காலை, நான் போக வேண்டிய வீட்டில் ஒரு பாட்டி. ராத்திரி படுக்கையில் விட்டால், காலையில் நான் போய்த் தூக்கி உட்கார வைக்கிற வரைக்கும் அவரால் எழுந்திருக்க முடியாது. வழியில் ஒரு கேம்பர்வேன், பாஸிங் பிளேஸில் நிறுத்திவிட்டு ஆட்கள் கீழே சடை மாடுகளைப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். எதிரே பள்ளிக்கூட பஸ். நானும் முன்னே போக முடியாது, பஸ்ஸும் ஒதுங்க முடியாது, கடைசியில் நான் வளைவில் இருநூறு மீட்டர் பின்னாலேயே ஓட்டிப் போய் வழிவிட்டேன். வீட்டுக்குப் போனபோது பாட்டி அழுதுகொண்டிருந்தார், படுக்கை நனைந்திருந்தது. அந்த வேனில் வந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ரோட்டோரம் சும்மா அகலமாகக் கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது புதிதாக இருப்பதால், நடுக்கோட்டுக்குப் பயந்து எல்லோரும் இடது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். இங்கே தார் ஓரங்கள் உடைந்து பள்ளமாக இருக்கும், இடது முன் டயர்தான் முதலில் போகும். வாடகைக் காரின் காப்பீட்டில் டயர், சக்கரம், கண்ணாடி சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள், பல ஒப்பந்தங்களில் இருக்காது.

ஆப்பிள்கிராஸ் என்கிற கடலோர ஊருக்குப் போகிற பியலாக் நா பா கணவாயைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள். கடல் மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் வரை ஏறுகிற ஒற்றைத் தட ரோடு, மேலே கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டக் கற்றுக்கொள்பவர்களும் பெரிய வண்டிகளும் போக வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பெரிய பலகை இருக்கிறது. கொல்லிமலையும் வால்பாறையும் ஏறியவன் நான் என்று ஒரு தம்பி சொன்னார். அங்கே வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறலாம், எதிரே வருகிறவர் அதைக் கேட்டு ஒதுங்குவார். இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வந்து நான்கைந்து நாள் ஆகி, ஒற்றைத் தட ரோடு நன்றாகப் பழகி, மேகம் இறங்காத காலையாக இருந்தால் போங்கள், அருமையான இடம்தான். இல்லையென்றால் ஷீல்டெய்க் வழியாகக் கடற்கரை ரோட்டில் சுற்றிப் போங்கள், நேரம் அதிகம் ஆகும், அதுவும் ஒற்றைத் தடம்தான், ஆனால் அந்த ஏற்றம் இல்லை.

விஸ்கி ஆலைக்குப் போனால் ஓட்டுகிறவர் ஒரு வாய் கூட வேண்டாம், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் இருந்தே மதுவின் அளவு இங்கிலாந்தை விடக் கடுமை. ஓட்டுகிறவருக்கென்று சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற ஆலைகள் உண்டு, வாங்கி வந்து ராத்திரி வீட்டில் குடியுங்கள். சாயங்காலம் மங்கிய பிறகு மான்கள் ரோட்டில் இறங்கும், ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டவே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவு. இன்வர்னெஸில் இருந்து கைல் ஆஃப் லாக்கால்ஷ் வரை ரயில் இருக்கிறது, எங்கள் லாக்கரன் கடற்கழியின் கரையை ஒட்டியே வரும். அத்தையை அடுத்த தடவை அதில்தான் கூட்டிவரப் போகிறோம், அத்தானே சொல்லிவிட்டார்.

காலை ஏழரை மணிக்கு மேல் இந்தப் பக்கம் ஒற்றைத் தட ரோட்டில் வந்தீர்களென்றால், சாம்பல் நிறச் சின்னக் காரில் எதிரே நான் வரலாம். ஒதுங்கி வழிவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்வார்கள். நானும் தூக்குவேன், நீங்களும் தூக்குங்கள்.

அன்புடன்,
லாக்கரன் பக்கத்தில் இருந்து உங்கள் தங்கை