வாட்டர்சன் ஐயாவுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பில் வாட்டர்சன் ஐயா,

வணக்கம். பசியாறியாச்சா? எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் என்றால் மலாய் மொழியில் நத்தை ஆறு. நீங்கள் வரைந்த 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' பத்திரிகைச் சித்திரத் துணுக்கின் கால்வின், பஞ்சுப் புலி ஹாப்ஸோடு திரியும் அந்த ஆறு வயதுப் பையன், இங்கே பிறந்திருந்தால் அந்தப் பெயருக்காகவே ஒரு வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றங்கரையில் கிடந்திருப்பான். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையும் வந்தது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கார்ட்டூன் போடச் சொல்லிக்கொடுக்கிற சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். திரும்பி வாருங்கள் என்று கேட்க எழுதவில்லை. அப்படிக் கேட்ட கடிதங்கள் உங்களிடம் மூட்டை கணக்கில் இருக்கும்.

பிள்ளைகள் எங்களிடம் கேட்பது வேறு. "ஏன் சார், நல்லா ஓடுற கடைய எதுக்கு மூடினாரு?" நியாயமான கேள்வி. 1985 நவம்பர் 18 முதல் 1995 டிசம்பர் 31 வரை 3,160 துணுக்குகள். உச்சத்தில் 2,400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது. சரக்கு தீர்ந்துபோய் மூடிய கடை இல்லை. உங்கள் கடைசி ஆண்டுத் துணுக்குகளை முதல் ஆண்டுத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தால், தூரிகை கையில் எவ்வளவு பழகிவிட்டது என்று பத்து வயதுப் பிள்ளைக்கே தெரிகிறது. அதனால் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில்லை. தாளைக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் பாடமே உங்கள் கடைசி ஞாயிறுதான். புதுப்பனி விழுந்த காலை, ஒரு சறுக்குப்பலகை, பையன், புலி. இந்தப் பனி புதுசா வரைய ஒரு பெரிய வெள்ளைத்தாள் கிடைத்த மாதிரி இருக்கிறதே என்று ஹாப்ஸே சொல்லிவிடுகிறான். எங்கள் பிள்ளைகள் பனியைப் பார்த்ததெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில்தான். பார்த்து வரையச் சொன்னால் தரை முழுக்கப் புள்ளி வைக்கிறார்கள், கோடு இழுக்கிறார்கள், சிலர் நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். பனி மணலாகிவிடுகிறது. நீங்கள் போட்டது என்ன என்று எண்ணச் சொல்கிறோம்: மரத்தடி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கறுப்பு, சறுக்குப்பலகை போன தடம், கொஞ்சம் நிழல். மிச்சமெல்லாம் அச்சடிக்காத தாள். இதைப் பழக ரப்பர்க்காடு நல்ல இடம். வரிசையாக நிற்கும் மரங்களின் தண்டை மட்டும் தூரிகையால் ஒரே இழுப்பில் போட வேண்டும்; அடிமரத்தில் நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும்; தரையைத் தொடக் கூடாது. தண்டுகளின் அடி ஒரே மட்டத்தில் வராமல், தூரத்து மரம் சற்று மேலேயும் கிட்டத்து மரம் கீழேயும் நின்றால் நடுவில் உள்ள வெள்ளை தானாகத் தரையாகிவிடும். கை பரபரக்கும், ஏதாவது போட்டு நிரப்பச் சொல்லும். அந்தப் பரபரப்பை அடக்க ஒரு பிள்ளைக்கு நாலைந்து சனிக்கிழமை பிடிக்கிறது.

கருவி விஷயத்தில் உங்கள் வழியை அப்படியே பின்பற்ற முடியவில்லை. நீங்கள் ஸ்ட்ராத்மோர் பிரிஸ்டல் அட்டையில் பென்சிலால் போட்டு, சின்ன சேபிள் மயிர்த் தூரிகையால் இந்தியன் மை ஏற்றி, வசனத்துக்கு மட்டும் ராப்பிடோகிராஃப் பேனாவை எடுத்தவர். இங்கே கிடைப்பது மணிலா அட்டையும் வரைதாளும். வரைதாளில் மை நார் வழியே ஓடி, கோட்டுக்கு மீசை முளைத்துவிடும். மணிலா அட்டையின் வழுவழுப்பான பக்கம் பரவாயில்லை. சேபிளுக்குப் பதில் கூர்முனை உள்ள சீனத் தூரிகை, சில ரிங்கிட்டில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். அடுத்த தொல்லை ஈரக்காற்று. மதிய மழைக்கு முன்னால் மை காயவே காயாது, உள்ளங்கை வியர்வை பென்சில் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள், வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக மை போடுவது, ஒரு கட்டம் முடித்துப் பத்து நிமிடம் விடுவது: இந்த மூன்றும் போதும். தூரிகையை உலோகக் கழுத்து வரைக்கும் மையில் முக்கினால் மை உள்ளே போய் இறுகி மயிர் விரிந்துவிடும். பிறகு அது விளக்குமாறுதான். மயிரில் பாதி நனைந்தால் போதும்.

எழுத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லலாம் என்று ஒரு சின்ன கர்வம். வசனத்தை முதலில் எழுதி, அப்புறம் குமிழி வரைந்து, கடைசியில் படம் போட வேண்டும் என்பது எந்த மொழிக்கும் பொது. குமிழியை முதலில் வரைந்தால் எழுத்து நசுங்கும். ஆனால் தமிழில் நசுங்குவது வேறு விதம். மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் விசிறியும், கீழே கு, ழு, மூ போன்றவற்றின் வால்களும் தொங்குவதால் வரிகளுக்கு நடுவே ஓர் எழுத்தின் முக்கால் உயரமாவது இடைவெளி வேண்டும். சிறிதாக்கி அச்சடித்தால் ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துப்போய் ஒன்றாகிவிடும். அதோடு 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் ஒரு சொல்லே குமிழியைத் தின்றுவிடும். 'போறேன்' என்றால் வேலை முடிந்தது. தோட்டத்துப் பேச்சு கார்ட்டூனுக்கென்றே செய்தது போலச் சுருக்கமானது. ஒரு குமிழிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் அழிக்கச் சொல்கிறோம்.

புலிக்கு வருவோம். இதில் தமிழ் எங்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறது: ஹாப்ஸை 'அவன்' என்பதா, 'அது' என்பதா? அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு சூசி யார் எட்டிப்பார்த்தாலும் அங்கே இருப்பது 'அது': சின்ன உடம்பு, புள்ளிக் கண், தொங்கும் கை, முகத்தில் ஒன்றும் இல்லை. பையன் தனியாக இருக்கும்போது 'அவன்': பையனைவிட உயரம், புருவம் ஏறும், வால் ஆடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி இது: வீட்டில் கிடக்கும் ஒரு பொம்மையை இரண்டு கட்டத்தில் வரை, ஒன்றில் அது, ஒன்றில் அவன். பத்துக்கு எட்டுப் பேர் பொம்மைக் கட்டத்தில் ஓரத்தில் ஒரு புன்னகையைச் சொருகிவிடுகிறார்கள், 'இது உண்மையில் உயிரோடுதான் இருக்கு' என்று கண்ணடிக்கிற மாதிரி. அதோடு விளையாட்டு முடிந்தது. நீங்கள் ஒருநாளும் கண்ணடிக்கவில்லை. இரண்டும் உண்மை, யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பொம்மைக்கு நீங்கள் ஏன் உரிமம் கொடுக்கவில்லை என்பதற்கும் தனியாக விளக்கம் வேண்டியதில்லை. கடையில் தொங்கும் பஞ்சுப் புலி 'அது' என்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஒப்பந்தப்படி உரிமை சிண்டிகேட் (துணுக்குகளைப் பத்திரிகைகளுக்கு விற்கிற நிறுவனம்) கையில் இருந்த காலத்திலும் வருடக்கணக்கில் முட்டிமோதி, கடைசியில் ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வைத்தீர்கள். அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில் ஒண்ணுக்கடிக்கும் பையன் ஸ்டிக்கர் திருட்டுச் சரக்கு என்று பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிறு பக்கம் தனிப் பாடம். பழைய முறையில் மூன்று வரிசை. இடம் போதாத பத்திரிகை மேல் வரிசையை வெட்டி எறியலாம், மீதிக் கட்டங்களைக் கலைத்து அடுக்கலாம். அதனால் மேல் வரிசையில் போனால் போகட்டும் என்கிற ஒரு சிரிப்பு மட்டும் வைக்க வேண்டும். கட்டங்களின் எல்லையும் குறிப்பிட்ட இடத்தில்தான் விழ வேண்டும். ஏ3 தாளை மூன்றாக மடித்து இதைச் செய்து பார்க்கச் சொல்கிறோம். வரைந்து முடித்ததும் மேல் மடிப்பைக் கிழித்து எறிவோம். கதை நிற்கிறதா? அநேகமாக நிற்காது, அழுகைகூட வரும். மறுவாரம் மடிக்காத முழுத்தாள். 1992 பிப்ரவரியில் முதல் ஓய்விலிருந்து திரும்பிய உங்களுக்குக் கிடைத்த, பத்திரிகையின் பிரிக்காத அரைப்பக்கம் மாதிரி அது: பத்திரிகைகள் சிறிதாக்கலாம், வெட்டக் கூடாது. சில ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் முழுத்தாளில் செய்வதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், இருபது கட்டம் அடைப்பார்கள். நீங்களோ வசனமே இல்லாமல் ஒரு பெரிய கட்டத்தில் டைனோசரை நடக்கவிட்டீர்கள். வண்ணமும் அப்படித்தான். முதலில் 64 நிறம், பிறகு 125 கிடைத்தும் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டவில்லை.

அந்த ஓய்வைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் வேறு உதாரணம் தேடவேண்டாம். 1991 மே முதல் ஒன்பது மாதம், 1994 ஏப்ரல் முதல் ஒன்பது மாதம் நீங்கள் வரையவில்லை; பத்திரிகைகள் பழையதையே போட்டன. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்களுக்கு, இது புரியும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும். கத்தி மரத்தைத் தொடக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டை மிஞ்ச வேண்டும். தொட்டால் காயம், அங்கே புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக முளைக்கும், அடுத்த சுற்றில் கத்தி ஓடாது. நாள் விட்டு நாள் வெட்டுவது மரம் பாலைத் திரும்ப ஊற்றெடுக்கத்தான். விலை ஏறியிருக்கிறதே என்று தினமும் வெட்டினால் முதலில் பால் தண்ணீராக நிறைய வரும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் வெட்டுப்பட்டை காய்ந்து ஒரு சொட்டும் வராது. அந்த மரத்தை விட்டுவைப்பதைத் தவிர மருந்து இல்லை. "கடைய எதுக்கு மூடினாரு?" என்று கேட்கிற பிள்ளையின் பாட்டி முப்பது வருஷம் மரம் வெட்டியவராக இருப்பார். அவரிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறோம். 1995 நவம்பர் 9 தேதியிட்டு ஆசிரியர்களுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் தினசரிக் கெடுவும் சின்னக் கட்டமும் அனுமதிக்கிற அளவுக்குச் செய்துவிட்டேன் என்றீர்கள். பாட்டிமார் அதையே ஒரு வரியில் சொல்கிறார்கள்: "மரத்தப் பாத்துதான் வெட்டணும், காசப் பாத்து இல்ல."

நீங்கள் அதன்பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதும் தெரியும். பார்க்கின்சன் நோய்க்கு நிதி திரட்ட 2011இல் ஓர் எண்ணெய் ஓவியம், 2014 ஜூனில் இன்னொருவருடைய துணுக்கில் மூன்று நாள் சத்தம் காட்டாமல் வரைந்தது, 2023இல் ஜான் காஷ்ட்டோடு ஒரு புத்தகம். அந்த மூன்று நாள் துணுக்குகளைப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லாமல் காட்டினால், கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு குறை சொல்லிக்கொள்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மரங்களுக்கு இலை உதிர்ந்த கிளைதான் அழகு. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் செம்பனையையும் மொட்டையாக வரைந்துவிடுகிறார்கள். மட்டையைத் திரும்பப் போட வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது.

பதில் எழுத வேண்டாம். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, தொட்டியில் பதினொரு தூரிகை கழுவாமல் கிடக்கிறது.

அன்புடன்,
சனிக்கிழமை வகுப்புக்காரர்கள்
சுங்கை சிப்புட், பேரா