வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்

தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர்களுக்கும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காதலிக்கிற பையன் கன்னத்தில் அறைந்தான், போனைப் பிடுங்கி மெசேஜ் எல்லாம் படித்தான், பிரேக்கப் என்றதும் போட்டோவை அப்பாவுக்கு அனுப்புவேன் என்கிறான். இப்படி ஒரு மாணவி உங்கள் அறைக்கு வந்து நின்றால் என்ன கேட்பீர்கள்? "நீ ஏன் அவன்கூடச் சுத்தின?" அப்புறம், "அப்பா நம்பர் சொல்லு."

முதல் கேள்வி அவளை அவமானப்படுத்தும், அவ்வளவுதான். இரண்டாவதுதான் ஆபத்து. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். பையன் வேறு சாதி என்றால் உயிருக்கே உத்தரவாதமில்லை. இது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் மிரட்டல் செல்லுபடியாவதே அந்த ஒரு போன் அழைப்பை நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான்.

பொள்ளாச்சியில் பெண்களிடம் பழகி, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலும் இதே நம்பிக்கையில்தான் துணிந்தது. 2019இல் ஒரு பெண் புகார் கொடுத்தபோது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்கள் முன் அவர் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு நடந்ததையும் பாருங்கள். விசாரணை மூடிய அறையில், அடையாளம் காக்கப்பட்டு நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ரகசியம் காப்பது உங்கள் பெருந்தன்மையும் அல்ல. புகார் செய்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. மாணவர் சம்பந்தப்பட்ட புகாரென்றால், மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று மாணவர்கள் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறை. உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் எப்போது நடந்தது? (பதினெட்டு நிறையாத மாணவி என்றால் போக்சோ சட்டம் வேறு கடமைகளைச் சொல்கிறது, அது தனி.)

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆணும் பெண்ணும் பேசினாலே அபராதம், ஏறி இறங்கத் தனித்தனிப் படிக்கட்டு என்று நடத்தும் கல்லூரிகள் இங்கே உண்டு. எல்லாப் பழக்கமும் தப்பு என்று சொல்லி வளர்த்தால், அன்பாக இருப்பவனுக்கும் ஆட்டிவைப்பவனுக்கும் வித்தியாசம் எங்கே பழகும்? லொகேஷன் அனுப்பு, பாஸ்வேர்டு கொடு, துப்பட்டா போடு என்று அதட்டுகிறவனை "பொசசிவ்" என்று அவளே பெருமையாகச் சொல்கிறாள். அவனும் அதுதான் ஆம்பளைத்தனம் என்று நினைக்கிறான். ஒழுக்கம் என்ற பெயரில் பெண்ணை மட்டும் கண்காணிக்கிற நிர்வாகம் செய்வதும் அதே வேலைதானே. பையன்களிடம் இதைப் பேச, வருடத்துக்கு ஒரு மகளிர் தினக் கூட்டம் போதாது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. பெண்கள் ஓய்வறைக் கதவின் உட்புறம் பெண்களுக்கான உதவி எண் 181ஐயும், குழு உறுப்பினர்களின் நேரடி எண்களையும் ஒட்டுங்கள். அடுத்த கல்வியாண்டில் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: பதினெட்டு வயது நிறைந்தவர் கொடுக்கும் புகாரை, அவர் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்ல மாட்டோம். கீழே முதல்வர் கையெழுத்தும் இருக்கட்டும்.